ஓர் இறக்கை தேய்ந்த பூச்சி

தையற்கடைக்காரம்மாவை ஊரெல்லாம் அக்கா என்று கூப்பிடும். பஸ் ஓட்டும் கணவருக்கு மட்டும் அவர் பூச்சி மேடம். "பூச்சி வந்தா எல்லாரும் விளக்குமாத்தைத் தேடுவாங்க. எங்க வீட்டுல பேர் கேப்பாங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

குளத்தங்கரைப் பூங்காவில் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் குழுவில் அவருக்குச் சம்பளமில்லாத வேலை. முந்தின மாலை வைத்த விளக்குப் பெட்டியை விடிந்ததும் திறக்க வேண்டும். வெளிச்சத்துக்கு வந்த அந்துப்பூச்சிகள் உள்ளே அடுக்கிய முட்டை அட்டைகளின் குழிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் படமெடுத்து, பெயர் குறித்து, புதரில் விட வேண்டும். கடையில் தைக்காத சட்டை மலையாகக் கிடந்தாலும், மழையே கொட்டினாலும், மனுஷி ஒரு நாள் சாக்குச் சொன்னதில்லை.

போன மாதம் கோடே இல்லாத சாம்பல் பூச்சி ஒன்று கிடைத்தது. அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத அரிய வகை. படத்தைப் பார்த்த குழுத் தலைவரும் தலையாட்டிவிட்டார். பூங்கா வாசலில் பூச்சியின் படமும் அக்காவின் பெயருமாகப் பலகை வைப்பதென்று முடிவானது. கணவருக்குத் தலைகால் புரியவில்லை. லீவு போட்டு, அண்ணன் தம்பி எல்லோரையும் அழைத்துவிட்டார்.

விழாவுக்கு முந்தின காலை அக்கா பெட்டியைத் திறந்தார். அட்டைக் குழியில் ஒரு பூச்சி. இடது இறக்கையில் வெள்ளைக்கோடு, அங்கே மூலைக்கு மூலை கிடைக்கும் சாதாரண வகை. வலது இறக்கையோ எதிலோ உரசிப் பொடியெல்லாம் உதிர்ந்து, கோடு அழிந்து, வெறும் சாம்பலாக இருந்தது. அச்சு அசல் அந்த அரிய பூச்சி! அப்படியென்றால் போன மாதம் வந்தது, இரண்டு இறக்கையும் தேய்ந்துபோன இதே சாதாரண வகைதான்.

மூடியை மூடினார். யாரும் பார்க்கவில்லை. இதைப் பறக்கவிட்டால் விஷயம் வெளியே தெரியாமலே போய்விடும். கணவரின் முகம் கண்முன் வந்து நிற்க, அழுகையே வந்துவிட்டது. பிறகு மூடியைத் திறந்து, இரண்டு இறக்கையும் தெரியும்படி படமெடுத்துக் குழுத் தலைவருக்கு அனுப்பினார். இந்த இடத்தில்தான் அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தலைவர் போனில் கெஞ்சினார். "பலகை எழுதியாச்சும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"அளவை நான் தப்பா எடுத்துட்டேன் சார். தெரிஞ்ச பிறகும் அதே அளவுல தச்சுக் கொடுக்கச் சொல்றீங்களா?"

கணவரிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. சாப்பாடு போட்டுக்கொண்டே ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆனால் அழைத்தவர்களை வர வேண்டாமென்றும் சொல்லவில்லை.

மறுநாள் பூங்கா வாசலில் இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றன. நல்ல சட்டை போட்டு வந்த சொந்தங்கள் அவற்றையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"என்னடா, பலகை எங்க? பூச்சி எங்க?" என்றார் மூத்த அண்ணன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கணவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பூச்சி இங்க இல்லைண்ணே" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "இல்லைன்னு கண்டுபிடிச்சதே எங்க வீட்டு மேடம்தான்."