சத்தமில்லாமல் கிளம்பிய பிக்கப்

போன வியாழக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, கோலா சாவாவில் எங்கள் தாமான் குடியிருப்பே ரோட்டில் நின்றது. சிலர் வாயில் பல் துலக்கும் பிரஷ். சிலர் இடுப்பில் வெறும் துண்டு. என்ன விசேஷம் என்கிறீர்களா? ஒன்றுமில்லை... என்னுடைய பிக்கப் ரோட்டோர லோங்காங்கில் இறங்கியிருந்தது. முன்பக்க இடது சக்கரம் முழங்கால் ஆழச் சாக்கடைத் தண்ணீரில். பின்பக்கச் சக்கரம் ஒன்று ஆகாயத்தில். நடுவில் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி நான்.

“எப்படிண்ணே விழுந்துச்சு?”

பத்துப்பேர் கேட்டார்கள். ஒருவருக்கும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைத் திறந்து என் அசட்டுத்தனங்களைப் படித்துப் பழகியவர்கள் நீங்கள். உங்களிடம் புதிதாகப் போவதற்கு என்னிடம் மானம் எதுவும் மிச்சமில்லை.

எல்லாம் டீசலால் வந்த வினை.

சில வருடங்களுக்கு முன் இந்த டீசல் பிக்கப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அப்போது டீசலுக்கு மானியம் இருந்தது. ஒரு லிட்டருக்கு ஓடும் தூரமும் அதிகம். சும்மா இருந்தேனா? “பெட்ரோல் வண்டி வாங்குகிறவர்களுக்குக் கணக்கே தெரியாது” என்று இதே பத்தியில் எழுதித் தொலைத்தேன். தம்பினிலிருந்து ஒரு வாசகர் போன் பண்ணினார். “சார், நீங்க எழுதினதப் படிச்சிட்டு நானும் டீசல் வண்டி எடுத்துட்டேன்!” பெருமை தாங்கவில்லை. அவருடைய நம்பரை ‘தம்பின் டீசல்’ என்று பதிந்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் மானியத்தை எடுத்தார்களே... அன்று மாலையே ‘தம்பின் டீசல்’ அழைத்தார். நான் எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை. சார், இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.

பெட்ரோல் வண்டிக்காரர்களாவது அடையாள அட்டையான ஐசி கார்டைச் செருகி மானிய விலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். டீசல் வண்டிக்காரர்களுக்கும் ஏதோ உதவித்தொகை உண்டாம். விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

முன்பெல்லாம் புதன்கிழமை மாலை என்றால் எங்கள் தாமானில் நாலு நம்பர் லாட்டரி ரிசல்ட்டுக்குத்தான் காத்திருப்பார்கள். இப்போது நான் அதே நேரத்தில் எண்ணெய் விலைக்குக் காத்திருக்கிறேன். டீசலுக்கு வாராவாரம் புது விலை. நாலு நம்பரிலாவது என்றைக்காவது ஒரு நாள் அடிக்கும். இதில் வாராவாரம் நமக்குத்தான் அடி!

சிக்கனத்தில் இறங்கினேன். ஏர்கோனை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். ரஹாங்கில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குள் நுழையும்போது நெற்றியில் திருநீறும் இருக்காது, தலையில் வகிடும் இருக்காது. சரிவு வந்தால் ஃப்ரீ கியர். ரந்தாவ் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. மேட்டில் மூச்சுவாங்க ஏறுவது, பள்ளத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியைத் தன்பாட்டுக்கு உருளவிடுவது. “வேண்டாண்ணே, ஆபத்து” என்று அந்த லோரிக்காரர்களே சொல்வார்கள். நான் கேட்டால்தானே!

இதுவரை நடந்தது என்னுடைய தலைவலி. அடுத்து நடந்தது இன்னொருவருடைய பிழைப்பு.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, ரோட்டு மேட்டில் அஞ்சலை இருக்கிறார். செனாவாங்கில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. காலை ஷிப்ட் ஆட்களுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்ட ஏழு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். அவருடைய கணவருக்கு இடுப்பில் அடிபட்டு, வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அந்தக் கேன்டீன் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

அவரை ஏற்றிப்போன வேன்காரரும் டீசல்காரர்தான். கட்டணத்தை ஏற்றினார். ஆட்கள் குறைந்தார்கள். மறுபடி ஏற்றினார். இன்னும் குறைந்தார்கள். ஒருநாள் வேனையே விற்றுவிட்டார். அஞ்சலை என்னோடு தும்பாங் வர ஆரம்பித்தார்.

தும்பாங் என்றால் போகிற வண்டியில் ஓசியில் தொற்றிக்கொள்வது. எங்கள் பக்கத்தில் அதற்கு எழுதாத விதிகள் உண்டு. வண்டிக்காரன் காசு கேட்கக்கூடாது. ஏறுகிறவர் காசு நீட்டக்கூடாது, நீட்டினால் அவமரியாதை. போன் பண்ணி “வரலாமா” என்று கேட்பதும் கிடையாது. தோட்டத்து லய வீடுகளில் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறிவிட வேண்டியது. என் பிக்கப் ஸ்டார்ட் ஆனால் தாமான் முழுக்கக் கேட்கும். அஞ்சலைக்குக் கேட்காமல் இருக்குமா?

சும்மா ஏற மாட்டார். ஒரு நாள் கீரைக்கட்டு. ஒரு நாள் மரவள்ளிக்கிழங்கு. ஒரு நாள் அவரே சுட்ட பருப்பு வடை. வாங்கிவைத்துக்கொண்டு வாயாரச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த வாயாலேயே மனதுக்குள் புலம்பினேன். செனாவாங் போய் ரஹாங் போவது எனக்குச் சுற்று. கீரைக்கட்டை டேங்கில் ஊற்ற முடியுமா?

சொல்லியிருக்கலாம். “அஞ்சலை, கட்டுப்படியாகவில்லை” என்று இரண்டு வார்த்தை. முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. பத்தி எழுதுகிறவனுக்கு இருக்கிற ஒரே தைரியம் பேனாவில்தான். அதனால் என்ன செய்தேன் தெரியுமா?

திங்கட்கிழமை காலை, வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை. எங்கள் ரோடு சரிவு. சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவித்தேன். ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன். ஃப்ரீ கியர். விளக்குகூடப் போடவில்லை. வண்டி பூனை மாதிரி இறங்கியது. கீழே மாரியம்மன் கோயில் முனை தாண்டியதும்தான் என்ஜினைப் போட்டேன். ஐம்பத்தெட்டு வயசு. சொந்த வண்டி. சொந்த வீட்டிலிருந்து திருடன் மாதிரிப் புறப்பாடு!

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. அஞ்சலை எப்படிப் போனார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

புதன் மாலை டீசல் விலை ஏறியது. அதே மாலை சாப்பிடும்போது என் மனைவி வசந்தா சொன்னாள். “என்னங்க, அஞ்சலை மூணு நாளா லேட்டாம். இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வரவே வேணாம்னு கேன்டீன்காரரு சொல்லிட்டாராம். நீங்கதானே தும்பாங் குடுக்குறீங்க... எப்படி லேட்டாவுது?”

“இந்த வாரம் எனக்கு நேரம் ஒத்துவரலை,” என்றேன்.

வசந்தா என் தட்டைப் பார்த்தாள். தட்டில் மரவள்ளிக்கிழங்குப் பிரட்டல். “கெழங்கு மட்டும் நல்லா ஒத்துவருது போல,” என்றாள்.

நாளைக்குக் கட்டாயம் ஏற்றிக்கொள்வது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் படுத்தேன். சத்தியமாக. ஆனால் காலையில் சாவியைத் திருப்பியதும் எண்ணெய் முள் அடியில் கிடந்தது தெரிந்தது. புது விலையில் ஊற்ற வேண்டும். இன்றைக்கு ஒரு நாள் மட்டும்... நாளையிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்... எப்படியாவது போய்விடுவார்... இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன். அவருக்கு அன்றைக்கு வேலை போகலாம் என்று தெரிந்தேதான் எடுத்தேன். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

இரவு பெய்த மழையில் ரோடு ஈரம். வண்டி வழக்கத்தைவிட வேகம் பிடித்தது. பிரேக்கை மிதித்தேன். என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் முதல் இரண்டு மிதிக்குத்தான் கேட்கும். அப்புறம் கல்லை மிதிப்பதும் அதுவும் ஒன்று. ஸ்டியரிங்கோ ஆட்டுக்கல் கனம் கனத்தது. கோயில் முனையில் ரோடு வலப்பக்கம் திரும்பியது. நான் திரும்பவில்லை.

விழுந்த சத்தத்துக்கு முதலில் ஓடிவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அஞ்சலைதான். கேன்டீன் சட்டை, கையில் பை, கிளம்பத் தயாராக.

“ஐயோ அண்ணே! அடி கிடி பட்டுருச்சா? நாலு நாளா வண்டிச் சத்தமே கேக்கலையேன்னு பாத்தேன். பேட்டரி வீக்கா? உருட்டி ஸ்டார்ட் பண்ணப் பாத்தீங்களா?”

என்ன ஒரு அருமையான காரணம்! எனக்கே தோன்றவில்லை. “ஆமா... பேட்டரி,” என்றேன்.

பலகை வந்தது. கயிறு வந்தது. ஓய்வுபெற்ற செம்பனை லோரிக்காரர் முனியாண்டி அண்ணன் தலைமை தாங்கினார். பத்துப்பேர் முன்பக்கத்தைத் தூக்க, மற்றவர்கள் தள்ள... அஞ்சலை பையைக் கோயில் படியில் வைத்துவிட்டுச் சாக்கடைக்குள் இறங்கித் தோள் கொடுத்தார். கேன்டீன் சட்டை முழுக்கச் சேறு. மணி ஆறே முக்கால் ஆனது.

“அஞ்சலை, உனக்கு நேரமாச்சு. நீ போம்மா,” என்றேன்.

“எதுலண்ணே போறது? இது வெளிய வந்தாத்தானே?”

அப்படியே கூனிக் குறுகிப் போனேன்.

ஏழு மணிக்கு வண்டி மேலே வந்தது. முனியாண்டி அண்ணன் சாவியை வாங்கித் திருப்பினார். வீக்கான பேட்டரி என்ன செய்ய வேண்டும்? முனக வேண்டும், இழுக்க வேண்டும், இருமவாவது வேண்டும். என் பிக்கப் முதல் திருப்பிலேயே கர்ஜித்தது. அதற்கு முன் அப்படி ஒரு ஸ்டார்ட் எடுத்ததே இல்லை.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு,” என்றார் முனியாண்டி அண்ணன். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அஞ்சலை என்னைப் பார்த்தார். மேலே என் வீட்டைப் பார்த்தார். ரோட்டுச் சரிவைப் பார்த்தார். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

வழக்கமாக வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவார். அன்றைக்குப் பாதி வழியில்தான் வாய் திறந்தார்.

“டீசல் வெல எனக்கும் தெரியும்ண்ணே. நாங்களும் நியூஸ் பாக்குறோம்லா. ‘முடியல, நீ வேற வழி பாத்துக்கோ’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்கே விடிய முன்ன கெளம்பி மொத பஸ்ஸப் புடிச்சிருப்பேன். கோவிச்சிருக்கவே மாட்டேன். நான் என்ன பண்ணேன் தெரியுமா? நாலு நாளும் பையக் கையில வச்சிக்கிட்டு ஒங்க வண்டிச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு நின்னேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் விலை ஏறினால் மனிதன் எண்ணெயை மிச்சம் பிடிப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். நான் பக்கத்து வீட்டு மனுஷியையே மிச்சம் பிடித்திருக்கிறேன். இத்தனைக்கும் அந்தச் சுற்றுக்கு எவ்வளவு டீசல் கூடிவிடும்? உடைந்த பம்பருக்கு வொர்க்‌ஷாப்பில் சொன்ன தொகைக்கு அவரை ஒரு வருடம் செனாவாங் என்ன, சிங்கப்பூருக்கே கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

செனாவாங் போய்ச் சேர்ந்தபோது ஏழரை. கேன்டீன் நடத்தும் பாய், தானே உட்கார்ந்து நாசி லெமாக் கட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் சம்பல். பாதிப் பொட்டலத்தில் முட்டையைக் காணோம். எதிரே பசியோடு ஒரு வரிசை.

அஞ்சலையைப் பார்த்ததும் கடிகாரத்தைக் காட்டினார். “நேத்தே சொன்னேன்லாக்கா. நான் வேற ஆளு பாத்துட்டேன். நாளைக்கி வரச் சொல்லியிருக்கேன்.”

அஞ்சலை பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பேட்டரி, லோங்காங், நான்... எதையுமே சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“பாய்,” என்றேன். “தப்பு அவங்க மேல இல்ல. நாலு நாளா லேட்டானதுக்கு நான்தான் காரணம். டீசல் செலவுக்குப் பயந்து, அவங்களுக்குத் தெரியாம வண்டிய உருட்டிக்கிட்டு ஓடிட்டேன். இன்னைக்கி லோங்காங்குல விழுந்தேன். தூக்கிவிட்டதும் அவங்கதான். அதான் சட்டையெல்லாம் சேறு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பாய் மட்டும் சிரிக்கவில்லை. கட்டிக்கொண்டிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, சேறு படிந்த என் காற்சட்டையைப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

வழக்கமாக இந்தக் கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ‘எழுத்தாளர்’ என்பேன்.

“அவங்க டிரைவர்,” என்றேன்.

பாய் யோசித்தார். உள்ளே போகும்படி அஞ்சலைக்குக் கண்ணைக் காட்டினார். அஞ்சலை ஓடிப்போய்க் கைகழுவி, முட்டை இல்லாத பொட்டலங்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அக்கா இருக்கட்டும்,” என்றார் பாய், என் பக்கம் திரும்பி. “ஆனா டிரைவர், ஒங்களுக்குச் சொல்றேன். இன்னொரு நாள் ஏழு மணிக்கு மேல ஆச்சு, ஒங்கள மாத்திடச் சொல்லிருவேன்.”

“சரி பாய்,” என்றேன்.

சம்பளமில்லாத வேலை. சேர்ந்த முதல் நாளே கடைசி எச்சரிக்கை!