முயல்கண்ணனின் பகல் தூக்கம்

தையலக்காவின் வீட்டுக்காரர் பகலில்தான் தூங்குவார். குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். காலையில் வந்து ஒரு வாய் சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்தால், வெயில் தாழும்வரை உலகம் இடிந்தாலும் எழமாட்டார். வீடென்று இருப்பது ஒரே அறை. கட்டில் ஒரு சுவரை ஒட்டி, தையல் மெஷின் எதிரே ஜன்னலை ஒட்டி. அவர் குறட்டையும் அவள் பெடல் சத்தமும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளாமல் பல வருஷம் குடித்தனம் நடத்தின.

போன மழைக்காலத்தில் அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கோணிய வாய் நேராகிவிட்டது. இடது இமை மட்டும் பிடிவாதம் பிடித்தது. தூங்கும்போது வலது கண் மூடும். இடது கண் திறந்தபடியே எதிர்ச்சுவரைப் பார்க்கும். முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்பார்களே, அதை வைத்துக் கிடங்கில் அவருக்கு 'முயல்கண்ணன்' என்று பேர் சூட்டிவிட்டார்கள்.

"காவக்காரனுக்கு இதவிட என்ன வரம் வேணும்? தூங்கினாலும் மொதலாளிக்குத் தெரியாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

முதுகுக்குப் பின்னால் ஒரு கண் விழித்தே கிடப்பது அவளுக்கும் பழகித்தான் போயிருந்தது. ஒருநாள் சாயங்காலம் எழுந்தவர், "அந்தப் பொம்பள போயிட்டாளா?" என்று கேட்டார்.

"எந்தப் பொம்பள?"

"உனக்குப் பின்னால கதவோரமா நின்னாளே."

அன்று யாருமே வரவில்லை. கனவு என்று தள்ளிவிட்டிருப்பாள். ஆனால் அவர் மற்றதையும் சொன்னார். கத்தரிக்கோல் கைதவறி விழுந்தது, அவள் எழுந்து தண்ணீர் குடித்தது, நூல் அறுந்ததற்கு மெஷினைத் திட்டியது. ஒன்றுகூடப் பிசகவில்லை. குறட்டை விட்டுக்கொண்டே பார்த்திருக்கிறார்.

அதன்பிறகு அந்தப் பெண் அடிக்கடி வந்தாள். முதலில் கதவோரம், பிறகு பீரோ பக்கம்.

"மூஞ்சி எப்படிங்க இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அவ உன்னையத்தான பாத்துக்கிட்டிருக்கா. எனக்கு முதுகுதான் தெரியுது."

இதற்குள் கண் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்துவிட்டது. நாத்தனார் ஒரு கட்டுத் தழையோடு வந்து இறங்கினாள்.

"முயல்செவி இலை அண்ணி. கசக்கி ரெண்டு சொட்டு விடுங்க."

"முயல்கண்ணுக்கு முயல்செவியா? அடுத்து உங்கண்ணன் சோத்துக்குப் பதிலா புல்லு கேப்பாரு."

"நக்கலு மட்டும் கொறயல. கண்ணு போனா அப்ப தெரியும்."

கண் போய்விடும் என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார். "வைத்தியப் புத்தகத்துலயும் இதுக்கு முயல்பேருதான். எலைச்சாறெல்லாம் வேணாம். விழி காஞ்சு புண்ணாயிருக்கு. இமை ஓரத்தத் தச்சுட்டா தூங்கறப்ப மூடிக்கும், புண்ணும் ஆறும். விட்டா பார்வையே போயிடும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், "வேணாம்" என்றார்.

"தையலுக்கா பயப்படுறீங்க? என்னைக் கட்டிக்கிட்டு இத்தன வருசம் இருந்துட்டு?"

அவர் சிரிக்கவில்லை. "நான் பாத்துக்கிட்டிருக்கறவரைக்கும் அவ நின்ன எடத்துலயே நிக்கறா. கண்ணு கொஞ்சம் செருகினா ஒரு அடி முன்னால வர்றா. இப்ப உன் நாற்காலிய ஒட்டி நிக்கறா. மூடிட்டா யாரு பாக்கறது?"

அவளுக்குப் பிடரி சில்லிட்டது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆள்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"கண்ணு அவிஞ்சு போனாலும் அவள நீங்க பாக்க முடியாது, தச்சாலும் முடியாது. தச்சா என்னையாவது பாப்பீங்கல்ல. வாங்க உள்ள."

தைத்தார்கள். நன்றாகத் தூங்கினால்தான் ஆறும், கண்ணைக் கசக்கக் கூடாது, அலட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பகலில் அவருடைய இரண்டு கண்களும் மூடின. அந்த முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று! போர்வையை இழுத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலில் நல்ல வெயில். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

பாதி ரவிக்கை தைத்திருப்பாள். அளவெடுக்கும்போது வாடிக்கைக்காரிகளின் கூந்தலை அவள் ஒதுக்குவாளே, அதே பக்குவத்தில் அவள் பின்னலை யாரோ தூக்கித் தோளுக்கு முன்னால் போட்டார்கள். பிடரியில் ஈர நாடா போல ஏதோ ஒன்று குறுக்கே படிந்தது.

ஆள் காலடி நெருங்கினாலும் காட்டு முயல் புல்லோடு புல்லாக ஒடுங்கிக் கிடக்கும். அப்படித்தான் இருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், அவர் எழுந்துவிடுவார். எழுந்தால் அந்தக் கண்ணைத்தான் முதலில் திறக்கப் பார்ப்பார், தையல் பிரிந்துவிடும்.

"அவரு தூங்கட்டும்" என்றாள், உதடு மட்டும் அசைய. "உனக்கு என்ன அளவு வேணுமோ எடுத்துக்கோ."

காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை. கட்டிலில் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.