நாற்பத்தாறாம் எண் சட்டை

லயல் ப்ரிட்ச்சர்ட் ஏழு வருடங்களாக எங்கள் ஊர் டல்லாரூக் அணியில் இருந்தான். ஒரு நாள்கூட ஆடியதில்லை.

ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் கொடுக்கும் பெயர்ப்பட்டியல் மிகவும் குட்டையாகத் தெரியக் கூடாது என்று, கிளப் செயலாளர் கெயில் கடைசி வரியில் அவன் பெயரை எழுதுவாள். "பேரைத்தானே கேக்குற, ஓடவா சொல்ற?" என்று முதல் முறை சிரித்தபடி சம்மதித்தான். அதற்கு முந்தைய அறுவடையில்தான் கோதுமைக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்து, முதுகெலும்பில் நான்கு திருகாணிகளோடு வீடு திரும்பியிருந்தான். இன்னொரு பலத்த அடி பட்டால் கால்கள் போய்விடும் என்று டாக்டர் சொன்னது ஊருக்கே தெரியும். நாற்பத்தாறாம் எண் சட்டை வாராவாரம் மற்ற சட்டைகளோடு பைக்குள் போய், மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். நாங்கள் அவனை நாற்பத்தாறு என்றே கூப்பிட்டோம். பெருந்தன்மையானவன் என்று சொல்ல மாட்டேன். மறுக்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை ராக்கபி ஊர்க்காரர்களோடு ஆட்டம். பந்தைக் கையால் பிடித்தும், ஆளை ஆள் இடித்தும் ஆடும் எங்கள் பக்கத்துக் கால்பந்து; ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. வேலியை முட்டிக்கொண்டு வட்டமாக நின்ற கார்களில் எங்களுடையவை பாதி. எங்கள் ஆள் கோல் அடித்தால் ஹாரன் அடிப்போம். இரண்டு முறை அடித்திருந்தோம். இடைவேளைச் சங்கு ஊதியபோது பலகையில் 13, அவர்களுக்கு 111. அது எங்களுக்குப் பழக்கம். கவலை வேறு ஓர் எண்ணைப் பற்றி. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஆட வேண்டிய இடத்தில் பதினாறோடு தொடங்கினோம். இரண்டு பேர் அடிபட்டு ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். சங்கு ஊதுவதற்குச் சற்று முன் ப்ரோடியும் தோள் மூட்டு விலகி வெளியேறியபோது மிச்சம் பதின்மூன்று.

இரண்டாம் பாதிக்குப் பதினாலு பேராவது இறங்காவிட்டால் ஆட்டம் கைவிடப்படும். அந்தப் பருவத்தில் இரண்டு ஆட்டங்களை அப்படி இழந்திருந்தோம். மூன்றாவதும் அப்படிப் போனால் டல்லாரூக்கின் பெயரை நீக்கிவிடுவதாகப் போட்டிக் குழுவின் கடிதம் கிளப் சுவரில் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடம் போய்விட்டது, வங்கி போய்விட்டது. சனிக்கிழமைகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இருந்தது இந்த மைதானம் மட்டும்தான்.

வழக்கமாக இடைவேளையில் குழந்தைகள் பந்தோடு உள்ளே ஓடுவார்கள், பெரியவர்கள் இறைச்சி அடைத்த ரொட்டி வாங்கப் போவார்கள். அன்று குழந்தைகள் மட்டும் ஓடினார்கள். நாங்கள் எங்கள் ஊர் மெர்வுடைய வண்டியைச் சுற்றி நின்றோம்.

"விட்டுடுங்கப்பா," என்றான் மெர்வ். "ரெண்டு வருஷமா பொணத்துக்குச் சட்டை மாத்திக்கிட்டு இருக்கோம்."

"உனக்கென்ன, உன் புள்ளைங்க எல்லாம் மெல்பர்ன்ல," என்றாள் கெயில். அவள் கையில் பட்டியல் இருந்தது. "தோக்குறதுக்குக்கூட பதினாலு பேர் வேணுமாம். நான் ஜெயிக்கவா கேக்குறேன்?"

"ப்ரோடியை இறக்கு. ஒரு கை போதும் சும்மா நிக்கிறதுக்கு."

"அவன் உள்ள வாந்தி எடுத்துட்டு இருக்கான். நீ போய் நில்லு."

"என் பேரு பட்டியல்ல இல்லையே."

அப்போதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பட்டியலில் மிச்சமிருந்த ஒரே ஆள் பத்தடி தள்ளித் தண்ணீர்ப் புட்டிகளின் மூடிகளைத் திருகிக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருந்ததால் நாங்கள் கேட்கவில்லை என்று ஆகிவிடாது. இத்தனை பேர் ஒரு மனிதனைப் பார்த்தபடி சும்மா நிற்பதும் கேட்பதுதான்.

லயல் கடைசி மூடியையும் திருகினான். "சட்டை எங்க இருக்கு?" என்றான்.

பிறகு சிற்றுண்டிக் கூடத்தின் ஜன்னலுக்குப் போனான். அவன் மனைவி ஜெனீன் அங்கே விற்காத ரொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மூலையில சும்மா நிக்கப்போறேன், ஜெனி. ஓட மாட்டேன்."

"பந்து வந்தா?"

"வராது. எங்க பசங்க பந்தை நாம கோல் அடிக்கிற பக்கம் கொண்டுபோயி எவ்வளவு நாளாச்சு."

அவள் சிரிக்கவில்லை. "உன்னைத் தூக்கி உக்கார வெச்சு நாலு மாசம் குளிப்பாட்டினது இந்தக் கிளப்பா, நானா?"

அவன் சட்டை மாற்றப் போனான்.

அதன்பின் அவள் செய்ததை எல்லாக் கார்களும் பார்த்தன. சமையல் மேலங்கியை அவிழ்க்காமலே, பந்து உதைத்த குழந்தைகளுக்கு நடுவே மைதானத்தைக் குறுக்காகக் கடந்து, ராக்கபி அணியின் அறைக்குள் நுழைந்தாள். இரண்டே நிமிடம். திரும்பி வரும்போதும் அதே வேகம். என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

நாற்பத்தாறாம் எண் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மடிப்புக் கோடுகள் சட்டையில் அப்படியே இருந்தன. அவன் முகம் அப்படி வெளிறியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, ஏணியிலிருந்து விழுந்த அன்றுகூட. அந்தக் கணத்தில் சட்டையைக் கழற்றி எறிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவன் மூலையை நோக்கி நடந்தான்.

இரண்டாம் பாதி முழுவதும் அவனைச் சுற்றி இரண்டு மீட்டர் வெற்றிடம். அவனை மறிக்க நிறுத்தியிருந்த இருபது வயது ராக்கபிப் பையன் தரையைப் பார்த்தபடி தள்ளியே நின்றான். ஒரே ஒரு முறை பந்து தப்பிப்போய் லயலின் காலடியில் உருண்டு நின்றது. அவனால் குனிய முடியவில்லை. பையன் பந்தை எடுத்து அவனிடம் நீட்டினான்.

"அண்ணே, நீங்க உதைங்க."

"நீ உதைப்பா. உன் வேலையப் பாரு," என்றான் லயல்.

பையன் உதைத்தான். மறுமுனையில் அது கோலானது.

20க்கு 188. கடைசிச் சங்கு ஊதியபோது களத்தில் எங்கள் ஆட்கள் பதினாலு பேர் இருந்தார்கள். இரு தரப்பிலும் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

கெயில் லயலின் காருக்கு வந்தபோது ஜெனீன் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். லயல் கதவைப் பிடித்தபடி நின்றான். சட்டை இன்னும் உடம்பில்.

"ப்ரோடிக்கு இந்தப் பருவம் முடிஞ்சுது," என்றாள் கெயில். "இன்னும் மூணு ஆட்டம் இருக்கு, லயல்."

"அடுத்த வாரம் யாரு?" என்று கேட்டவள் ஜெனீன்.

"மெர்ரிகம் ஊர்க்காரங்க."

ஜெனீன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "அவனுங்ககிட்ட போய் நான் சொல்ல முடியாது. சொன்னா அந்த இடத்துலயே பாத்து இடிப்பானுங்க."

கெயில் பட்டியல் எழுதும் பேனாவின் மூடியைத் திறக்கவும் இல்லை, பையில் போடவும் இல்லை. லயல் சட்டையைத் தலைவழியே கழற்ற முயன்றான். தோளுக்கு மேல் கை போகவில்லை. ஜெனீன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கழற்றிவிட்டாள். உள்பக்கம் வெளியே வந்திருந்ததைத் திருப்பி, மடித்து, கெயிலிடம் கொடுக்காமல் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"எழுதிக்கோ, கெயில்," என்றான் லயல், ஜெனீனைப் பார்க்காமல்.