மஞ்சள் மூக்கு ஆள்காட்டியும் பதினேழாம் நம்பர் பிளாட்டும்

பறவையைப் பார்த்துப் பெயர் எழுதிக் கொடுப்பது என் தொழில். பைனாகுலரோடு வெயிலில் நின்று ஊராரிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

அரை மணி நேரம்

திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போகும் வழியில் ஒரு புல்தரை. வீட்டுமனை போடுமுன் அங்குள்ள பறவைகளை எழுதித் தரச் சொன்னார்கள். அங்கே ஒரு பறவை: நெட்டைக் கால், கறுப்புத் தொப்பி, மூக்கோரம் மஞ்சள் சதை. மஞ்சள் மூக்கு ஆள்காட்டிதான் என்று உறுதி செய்ய அரை மணி நேரம் குப்புறக் கிடந்தேன். ஆடு மேய்க்கும் பஞ்சவர்ணம் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"செவப்பு மூக்குன்னா கம்மாக்கரை, மஞ்ச மூக்குன்னா பொட்டக்காடு. இதுக்கா அப்பு இம்புட்டு நேரம் தரையில கெடந்த?"

கார்னர் பிளாட்

பதினேழாம் நம்பர் கல்லருகே, சரளையோடு சரளையாக நாலு முட்டைகள். கூடு என்று ஒன்றும் கிடையாது. திங்கட்கிழமை ஜேசிபி வந்தால் நாலும் கூழ். சைட் மேனேஜர் சகாயத்திடம் கெஞ்சினேன். அவர் வரைபடத்தை விரித்துப் பொறுமையாகப் பார்த்தார்.

"அது கார்னர் பிளாட் சார், எப்பவோ போயிருச்சு. குருவியை உள்ள தள்ளி ஒண்ணு பாத்துக்கச் சொல்லுங்க."

கட்டாயக் கட்டம்

கம்ப்யூட்டர் படிவத்தில் ஆள்காட்டி 'கரைப்பறவை' இனத்தில் இருந்தது. அருகிலுள்ள நீர்நிலையைக் குறிக்காமல் படிவம் நகரவில்லை. படிவத்தை வாங்கும் அரசு ஆபீஸுக்குப் போன் போட்டேன். தண்ணீரைக் காட்டுங்கள், இல்லையென்றால் பறவையை எடுத்துவிடுங்கள் என்றார் ஜெனிட்டா மேடம். எடுத்தால் முட்டைகள் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகும். பட்டியலில் ஏரி, குளம், ஆறு, கடல் என நாலே நாலு. திண்டுக்கல்லில் கடல் என்று போடக் கை கூசியது. குளத்தை அழுத்தினேன்.

"ஆங், இப்ப சரி சார். இனிமே அந்தக் குருவி அங்க இருக்கலாம்."

குளம் பார்க்க வந்தவர்

மனைப்பிரிவுக்குள் குளமா என்று மேலிடம் பதறி, நேரில் பார்க்கும்வரை மண்ணைத் தொடக்கூடாது என்றது. சகாயம் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அதிகாரி வர மூன்று வாரம் ஆனது. அதற்கு முந்தின நாள்தான் முட்டைகள் பொரிந்து, நாலு குஞ்சுகளும் தாயின் பின்னால் ஓடின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அதிகாரி புல்தரையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தண்ணீர் இல்லையே சார் என்று சகாயம் துள்ளினார்.

"தண்ணி இல்லைங்கிறதுக்காகக் குளம் இல்லைன்னு எழுத முடியுமாப்பா? அப்புறம் நம்ம மாவட்டத்துல என்ன மிஞ்சும்?"

உயிருள்ள முட்டைக்கு நிற்காத ஜேசிபி, இல்லாத குளத்துக்கு நிற்கும் என்பதே இத்தனை வருஷத்தில் நான் கற்ற பறவையியல்.