சட்டையைப் பிடிக்க வந்தவர்

கொட்டகலை பஜாரிலுள்ள என் தையல் கடைக்கு அந்த அக்கா முதல் தடவை வந்தபோது கையில் துணியே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அகன்ற தோள், உச்சந்தலையில் கூடைக் கயிறு அழுத்திய பள்ளம். பேசும்போது முகத்தை விட்டுவிட்டு நம் இடுப்பைத்தான் பார்ப்பார்.

"தொளதொளன்னு ஆன சட்டையைப் புடிச்சுத் தைக்கச் சொல்லி வர்றவங்ககிட்ட ஒன்னு கேளுங்க தங்கச்சி. சாப்பாட்டக் கொறைக்காமலே எளைச்சாங்களான்னு. ஆமான்னா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."

அவருடைய நாத்தனார் அப்படித்தான் இளைத்தாராம். கூடவே வந்த முதுகுவலிக்குக் கொழுந்துக் கூடைதான் காரணம் என்றிருந்தார்கள். இடுப்பு சிறுத்ததைக் கேலி பேசிச் சிரித்தார்களாம்.

"நானே ரெண்டு தரம் ஊசி நூலெடுத்து அவ சட்டையைப் புடிச்சுக் குடுத்தேன். கண்ணு மஞ்சளானப்பதான் போனோம். கணையத்துல புற்றுநோய்ன்னாங்க. அதுக்குள்ள கை மீறிப் போச்சு."

அன்றிலிருந்து நானும் கேட்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருத்தி மட்டும் போய்க் காட்டி, சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்து வந்தாள்.

போன மாதம் அந்த அக்கா தன் சட்டையோடு வந்தார்.

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் புடிங்க."

அளவு நாடாவை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"சாப்பாட்டக் கொறைச்சீங்களாக்கா?"

"இல்ல" என்றார். பிறகு சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் எப்போது வரும் என்று விசாரித்தார்.

தானே ஊசி நூலெடுத்துச் சட்டையைப் பிடிக்கத் தெரிந்தவர் அவர். அன்றைக்கு என் கடைக்கு எதற்காக வந்தார்? அவரிடமும் யாராவது கேட்க வேண்டும் என்றுதானோ.