யானையின் வயிற்றுப்பக்கம்

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு காப்பிக் கடை இருக்கிறது. விலையைப் படித்தால் காப்பி தொண்டையில் இறங்காது. போன வாரம் மழைக்காக ஒதுங்கினேன். கல்லாவுக்கு மேலே பலகையில் ஒரு துணி யானை நின்றிருந்தது. மாம்பழ நிற உடம்பு, அரக்குக் கரை வைத்த காது. ஒரு கண் கறுப்புக் கோட்டு பட்டன், இன்னொரு கண் வெள்ளைச் சட்டை பட்டன். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

ஜோடி சேராத கண் வைப்பது, எனக்குப் பொம்மை தைக்கக் கற்றுக்கொடுத்த மும்தாஜ் அக்காவின் வழக்கம். எங்கள் பட்டன் டப்பாவில் பாதிக்கு மேல் ஒற்றை பட்டன்கள்தான். யாராவது குறை சொன்னால், "நமக்கு மட்டும் ரெண்டு கண்ணும் ஒரே மாதிரியா இருக்குது?" என்பார். அதன் பிறகு கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான்.

படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் நான் பொம்மை தைக்கப் போன காலம் அது. இதே சாலையில் ஒரு அறை. உள்ளே தையல், வாசலில் விற்பனை. அக்காவோடு நாங்கள் மூன்று பெண்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, என் முதல் யானை பன்றியாய் முடிந்தது. அக்கா அதைப் பன்றி என்றே சொல்லி ஒரு வெள்ளைக்காரரிடம் விற்றுவிட்டார். அவர் ரொம்ப தத்ரூபம் என்று பாராட்டிவிட்டு வேறு போனார்.

துணி கொண்டுவருவது பாத்திரக்காரர். பழைய புடவை போட்டால் எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர். தெருத்தெருவாக வாங்கிய மூட்டையை எங்கள் அறையில் பிரிப்பார். பாச்சை உருண்டை வாசனையோடு யார் யார் வீட்டுத் தாளிப்பு வாசனையோ எழும்பும். நல்லதாக நாங்கள் பொறுக்கிக்கொள்வோம். வெட்டியதில் ஒரு துணுக்கைக்கூட எறிய மாட்டோம். எல்லாம் அடுத்த பொம்மைக்குள் அடைக்கப் போகும். கறை, கிழிசல், தைத்த இடம் இருந்தால் அதை வயிற்றுப்பக்கம் வைத்து வெட்டுவோம். பொம்மையைத் திருப்பி வயிற்றை யார் பார்க்கிறார்கள்?

ஒரு பௌர்ணமி முடிந்து கூட்டம் வடிந்த மறுநாள், போளூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் புத்தம் புதிய எவர்சில்வர் தூக்கு. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அவள் அம்மா இறந்து காரியம் முடிந்த கையோடு, அண்ணி பீரோவைக் காலி பண்ணிப் புடவைகளைப் போட்டு இந்தத் தூக்கை வாங்கிவிட்டாளாம். பாத்திரக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் சொல்லி இங்கே வந்திருக்கிறாள். தூக்கை அக்கா முன்னால் வைத்தாள்.

"இத நீங்களே வச்சிக்குங்க. எங்கம்மா பொடவைய குடுத்துடுங்க. மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு."

மாம்பழக் கலர் புடவை முழுதும் யானைகளாகி, கிரிவலக் கூட்டத்தில் ஒன்று பாக்கியில்லாமல் விற்றிருந்தது.

அக்காதான் விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, விற்காமல் இருந்த நாயையும் கிளியையும் முயலையும் இழுத்துப் போட்டு, கத்தரியால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். நாங்களும் பிரித்தோம். வயிற்றுக்குள்ளிருந்து பஞ்சோடு விரல் அகலம், நூல் அகலம் என்று மாம்பழத் துணுக்குகள் வந்தன. அவள் ஒவ்வொன்றையும் நீவி நீவித் தூக்கில் போட்டுக்கொண்டாள். எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது.

"தீபத்தன்னிக்கு வெளக்குல பட்டு ஒரு பொத்தலு. அம்மாவே செவப்பு நூல்ல தெச்சாங்க. அந்த எடம் மட்டும் இருந்தா போதுங்க."

"தெச்ச எடத்த வயித்துப் பக்கம் வச்சிடுவோம்மா. அதுவும் வித்துப்போச்சி," என்றார் அக்கா. இருக்கிற துணுக்கில் சின்னதாக ஒரு பொம்மையாவது செய்து தருகிறேன் என்றார்.

"பொம்மை வேணாங்க. துணியாவே இருக்கட்டும்."

திருப்பிக் கொடுக்க வந்த தூக்கை அவளே தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். வயிறு பிரிந்த நாயும் கிளியும் பாயில் கிடந்தன. அன்று அக்கா ஊசியைத் தொடவில்லை. அடுத்த முறை வந்த பாத்திரக்காரரிடம், இனிமேல் வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்றார்.

"போடறவங்கள கேக்கலாம்கா. கட்டிக்கினு இருந்தவங்கள எங்க போய் கேக்கறது?" என்றார் அவர்.

காப்பி ஆறிப்போனது. கல்லாவில் இருந்த பெண்ணைக் கேட்டு யானையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பின்னறையில் குடியிருந்த வெளிநாட்டம்மா காலி பண்ணும்போது விட்டுப்போனதாம். இத்தனை வருஷமும் இது ஊரைவிட்டே போகவில்லை.

திருப்பினேன். துணி வெளுத்து நைந்திருந்தது. நடுவில் கொத்தமல்லி விதை அளவுக்குச் சிவப்புத் தையல். அது மட்டும் பிரியாமல் இருந்தது.

இதைச் சொல்லலாம் என்றால் அக்கா இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் தைத்த அறையில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார்கள். வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு வரும் பாத்திர வண்டியில் பதிவு செய்த குரல்தான் கூவுகிறது. ஓட்டுகிற பையனுக்குப் பழைய பாத்திரக்காரரைத் தெரியாது. அந்தப் போளூர்ப் பெண்ணின் பேரை அன்று யாரும் கேட்கவில்லை. முகமும் மறந்துவிட்டது. அவள் அம்மாவின் தையல் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"வேணும்னா எடுத்துக்குங்க ஆன்ட்டி, ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றாள் கல்லாப் பெண்.

எடுத்துப் போய் யாரிடம் கொடுப்பேன்? நான் தையலைத் தடவிக்கொண்டே நின்றதைப் பார்த்து அவளே யானையை வாங்கி, தையல் கீழே போகிற மாதிரி, பழைய இடத்தில் வைத்தாள்.