நார்பர்ட்டின் விரிசல்

மிருகக்காட்சிசாலை மூடிய பிறகு ஒராங்குட்டான் பெர்ல் பாறைச் சுவரைத் தாண்டி வெளியே வந்து, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல உள்ளே போய்விடுகிறதாம். அங்கே சோளப்பொரி விற்கும் தன் மச்சினி சொன்னதாக நண்பன் டுவேன், பேக்கரியில் வைத்து அவிழ்த்துவிட்ட கதை இது.

"நீ கட்டின பாறைதானேய்யா அது?" என்றான்.

நார்பர்ட் ஹ்ருஸ்கா விரலில் ஒட்டிய பழக்கூழை நக்கிக்கொண்டே சிரித்தார். "எவனாவது கதவப் பூட்ட மறந்திருப்பான். அங்க வேலை பாக்குறவனுங்களுக்குக் குரங்கோட அறிவுகூடக் கிடையாது."

அயோவாவில் பாதி வீட்டு நீச்சல்குளங்களுக்குச் சிமெண்ட் பீய்ச்சியவர் அவர். அதனாலேயே தன்னைச் சிற்பி என்று நினைத்துக்கொண்டவர்.

அந்தக் குரங்கு வீடு முதலில் கம்பிக்கூண்டாக இருந்தது. பிறகு, கசாப்புக்கடைபோல வெள்ளை ஓடு பதித்த அறை. அதற்கும் பிறகு ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் காடு பார்க்கும் ஆசை வந்தது. கழுவுகிறவனுக்கு ஓடு, வேடிக்கை பார்க்கிறவனுக்குப் பாறை. உள்ளே இருப்பதற்கு என்ன வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. பாறை என்றதும் நார்பர்ட்டைக் கூப்பிட்டார்கள்.

குரங்கு ஏற முடியாதபடி சுவர் உச்சிவரை வழுவழுப்பாக இருக்கவேண்டும் என்று வரைபடம் சொன்னது. "குளியல்தொட்டி மாதிரியா?" என்று முகஞ்சுளித்தவர், ஆற்றோரப் பாறையில் ரப்பர் அச்செடுத்து வந்து ஈரச் சிமெண்டில் அழுத்தினார். அடியிலிருந்து உச்சிக்கு ஒரு விரிசலை நெளியவிட்டார். ஆய்வுக்கு வந்த மேதாவிகளும் அழகைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவருக்கு அதே விரிசல் பேச்சுதான். அப்போதிருந்த கிழட்டு ஒராங்குட்டான் வைக்கோலை விட்டு அசையாதது அவருடைய அதிர்ஷ்டம். போன இலையுதிர்காலத்தில்தான் பெர்ல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி லவோனுடன் போய்ப் பார்த்தார். பாறை காலியாகக் கிடந்தது. பெர்ல் பின்னால் இருந்த பழைய வெள்ளை ஓடு பதித்த அறையில், தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"எந்த வழியா ஏறுதுன்னு தெரியிற வரைக்கும் இது இங்கதான்," என்றாள் பராமரிப்பாளர் மாரிட்சா. "நீங்கதானே கட்டினீங்க சார்? ஏதாவது தோணுதா?"

"என் பாறையில ஒரு குறையும் கிடையாதும்மா. நீங்க போடுற பூட்டைப் போய்ப் பாருங்க."

அவள் அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டாள்.

காரில் ஏறியதும் லவோன் கேட்டாள்: "அந்த விரிசல்தானே?"

"உனக்கென்ன தெரியும்?"

"கல்யாணமான நாள்லேர்ந்து உன்னைத் தெரியும். பூசி அடைச்சிட்டா பெர்லை அந்த ரூம்லேர்ந்து திரும்பப் பாறைக்கு விட்டுருவாங்க. ரெண்டு கரண்டி சிமெண்ட், நார்பர்ட்."

"பூசினா அது பாறையா? சுவருடி!"

"அதுக்கு எது பாறை எது சுவருன்னு கவலையா? வெயில் பட்டா போதும்."

அவர் ரேடியோவைத் திருகிச் சத்தமாக வைத்தார். வீடுவரை அது அலறியது.

சாப்பாட்டு மேசையில் ஃபோன் அடித்தது. மிருகக்காட்சிசாலையின் எண்.

"எடு," என்றாள் லவோன்.

"கெஞ்சட்டும். வேலை தெரியாதவனுங்க."

"நீ எடுக்கலைன்னா நான் சொல்றேன்."

அவள் கை நீட்டுவதற்குள் ஃபோன்மேல் தன் பெரிய உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார், ஈரச் சிமெண்டில் அச்சை அழுத்துவதுபோல. இன்னொரு கையால் ரொட்டியைப் பிட்டார். கைக்கடியில் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது.